டக்கும் டொக்கும்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

யாரும் நேரில் வரவேண்டாம், யாரும் செய்தி அனுப்பவேண்டாம் என்று நீ கடைசியாக அனுப்பியதை அம்மா எனக்குப் படித்துக் காட்டினாள். இரண்டு முறை. கடிதம் போடக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. தர்க்கம் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்ப்பவன் நான். ஆகவே எழுதுகிறேன்.

நலமா என்று கேட்கப்போவதில்லை. காய்ச்சல் உன்னை விட்டுப் போனது. போகும்போது இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போனது. அது எங்களுக்குத் தெரியும். உன்னைப் பார்க்க வர ஆசைப்படுகிறேன். நீ வா என்று சொல்லும்வரை வரமாட்டேன். இதை ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி தொந்தரவு செய்ய மாட்டேன்.

இப்போது விஷயம். எனக்குக் காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று. நடுவில் நெடுஞ்சாலை. பேருந்து நம்பவைத்துக் கழுத்தறுக்கிறது. பழைய வண்டி ஒன்று பார்த்திருக்கிறேன். டீசல். மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. நான் தயங்குவதைப் பார்த்துத் தரகர் சொன்னார்: "சார், டீசலுக்கு மூணு லட்சமெல்லாம் ஒரு வயசா? இப்பதான் மீசை முளைக்குது."

உண்மையா? கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, ஓடும் எஞ்சின்களைக் கேட்டு, எது பிழைக்கும் எது சாகும் என்று ஆலைக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. வேறு யாரைக் கேட்பேன்? ஒரு பொருள் நிறைய ஓடியும் நன்றாக இருக்க முடியுமா?

உன் தம்பி

---

ஜனவரி 13

தம்பிக்கு,

தரகர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை வண்டியிடம் கேட்கவேண்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போ. முதலில் பானெட்டில் கை வை. சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடு. ஆறிப்போன எஞ்சின் கிளம்பும்போது போடும் சத்தத்தை மறைப்பதற்காக, நீ வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார் என்று அர்த்தம். சாவியைப் பாதி திருப்பினால் சுருள் கம்பி மாதிரி ஒரு விளக்கு எரியும். அது அணையும்வரை பொறு. டீசலுக்குத் தீப்பொறி கிடையாது, உள்ளே சூடானால்தான் பற்றும். அணைந்த பிறகு மீதியைத் திருப்பு. புகையின் நிறத்தைப் பார். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார்.

சத்தத்தை எழுது. "நல்ல சத்தம்" என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

வரவேண்டாம் என்றது அப்படியேதான் இருக்கிறது.

அக்கா

---

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

பானெட் தோசைக்கல். "என்னங்க இவ்ளோ சூடு?" என்றேன்.

"வெயில்ல நின்னுச்சு சார்."

"நிழல்லதான நிக்குது?"

"நிழலும் இப்பல்லாம் சூடாத்தான் சார் இருக்கு."

திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் அவர் கடையைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். பல் குச்சியோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுக்கறாங்க சார்." ஆமாம் என்றேன். அவ்வளவு பெருமையாக நான் எதற்கும் ஆமாம் போட்டதில்லை.

பானெட் சில்லென்றிருந்தது. சுருள் விளக்கு அணைந்தது. திருப்பினேன். ஒரு உலுக்கல். பிறகு கடகடகடகட. தகரப் பெட்டிக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினாற்போல. வெள்ளைப் புகை கொஞ்சம், பிறகு புகையே இல்லை. ஓடியபடியே இருந்ததில் கடகட மெல்ல இளகிக் குறுகுறுவென்று ஆனது. ஆயில் மூடியைத் திறந்தேன். மூச்சுவிடுகிற அளவுக்கு ஆவி. முகத்தில் அடிக்கவில்லை.

இன்னொன்று. நீ கேட்காதது. ஓட்டுநர் இருக்கை ஒரு பக்கமாக அமுங்கியிருக்கிறது. பக்கத்து இருக்கை புத்தம் புதிதாக இருக்கிறது. கிளட்ச் மிதியின் ரப்பரும் தேயவே இல்லை. இவ்வளவு தூரத்தையும் யாரோ ஒருவர் தனியாகவே ஓட்டியிருக்கிறார். யாராக இருக்கும்? எங்கே போய்க்கொண்டே இருந்தார்? தரகரைக் கேட்டேன். "அதெல்லாம் வண்டியோட வராது சார்."

வாங்கலாமா?

உன் தம்பி

---

ஜனவரி 29

தம்பிக்கு,

வாங்கு.

கிளட்ச் ரப்பர் தேயவில்லை என்றால் ஊருக்குள் முக்கி முனகவில்லை, நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடியிருக்கிறது என்று பொருள். டீசலுக்கு நல்லது அதுதான். கடைக்குப் போய்வரும் குட்டிப் பயணங்கள்தான் அதைக் கெடுக்கும். கரி அடைத்து மூச்சுத் திணறிவிடும். மூன்று லட்சம் ஓட்டிய அந்தத் தனி ஆள் உனக்கு உபகாரம் செய்திருக்கிறார். அவர் யார் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, தரகரிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்.

முதல் வேலை டைமிங் பெல்ட். மாற்றியாச்சு என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பாதே, மாற்று. அது ஓடும்போது அறுந்தால் எஞ்சின் தன்னைத்தானே அடித்துக்கொண்டு செத்துப்போகும். ஆயில் மாற்றிய மறுநாளே மை மாதிரிக் கறுத்திருக்கும், பதறாதே. டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கும். அவ்வப்போது திறந்து தண்ணீரை வடித்துவிடு. ஆறிய எஞ்சினை விரட்டாதே.

ஒரு விசித்திரம். "கடகடகடகட" என்று நீ எழுதியதைப் படித்தபோது தலைக்குள் கேட்டது. நிஜமாகவே. குறுகுறு என்று இளகியதும் கேட்டது. காய்ச்சலுக்குப் பிறகு அங்கே வேறு எதுவும் கேட்டதில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன்.

நிறைய எழுது.

அக்கா

---

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வண்டி என் வாசலில் நிற்கிறது. பெல்ட் மாற்றியாகிவிட்டது. தண்ணீர் வடித்தேன், ஒரு ஸ்பூன் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டீசலுக்குள் இவ்வளவு நாள் ஒளிந்திருந்த தண்ணீர். வகுப்பில் இதை வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். ஒருவனுக்கும் புரியவில்லை, எனக்கும்தான்.

சத்தங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் நிமிடம் கிறீச். மூன்றாவது கியரில் அழுத்தினால் தூரத்தில் யாரோ விசிலடிப்பதுபோல ஊய்ய். நின்ற இடத்தில் ஓடும்போது லொடலொட. கிளட்ச்சில் கால் வைத்தால் லொடலொட நின்றுவிடுகிறது, எடுத்தால் மறுபடி. வகுப்பில் பின்வரிசை மாதிரி.

மாணவர்கள் வண்டிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முன்னறிவிப்பு. "சார் வர்றது மூணு தெரு முன்னாடியே தெரிஞ்சிடுது, அதுக்குள்ள நாங்க உக்காந்துடுவோம்."

தரகரிடம் அந்தத் தனி ஆளைப் பற்றி மறுபடி கேட்டேன். "ஒரு அம்மா சார். கிளினிக் கிளினிக்கா மெஷின் ரிப்பேருக்குப் போவாங்க." அவ்வளவுதான் கிடைத்தது. ஆண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கையைச் சரிசெய்யாமல் உட்கார்ந்தபோதே முழங்கால் இடித்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அம்மா போனில் கேட்டாள். "உனக்கு மட்டும் எழுதறாளா? என்னதான் எழுதறா?"

"எஞ்சினைப் பத்திதாம்மா."

"என்னைப் பத்தி?"

"இல்லம்மா."

"நானும் ஒரு வண்டி வாங்கட்டுமாடா?"

தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதியிருந்தேன். செய்கிறேன். வரட்டுமா?

உன் தம்பி

---

மார்ச் 11

தம்பிக்கு,

கிறீச், வெளிப்பக்க பெல்ட். ஈரம் போனால் போய்விடும், போகாவிட்டால் மாற்று. ஊய்ய், டர்போ. இப்போதைக்கு இருக்கட்டும். அது கூடிக் கூடி அழுகையாக மாறினால் எழுது. லொடலொட, ஃப்ளைவீல் என்கிற கனச் சக்கரம். கிளட்ச்சை மிதித்தால் நிற்கிறது என்று நீயே கண்டுபிடித்திருக்கிறாய். அதோடு குடும்பம் நடத்தலாம்.

வரவேண்டாம். கோபம் இல்லை. என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வாயைப் பெரிதாகத் திறக்கிறார்கள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் மாதிரி. நான் அவர்கள் பல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிறகு அவர்கள் கண் கலங்குகிறது. அதைத் தேற்றுகிற வேலை எனக்கு. எழுத்தில் நீயும் நானும் ஒரே சத்தத்தில் பேசுகிறோம். அது போதும்.

அம்மாவிடம் சொல், அவள் வண்டி வாங்க வேண்டாம், மிக்ஸியின் சத்தத்தை எழுதினால் போதும் என்று.

ஆலையிலிருந்து கேட்டிருக்கிறார்கள், காகிதப் பிரிவுக்கு மாறிக்கொள்கிறாயா என்று. கோப்புகள் மட்டும், எஞ்சினே இல்லாத மாடி. பதில் போடவில்லை. உன் வண்டியை நான் காது இல்லாமல்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்? கேட்கிறவன் ஒருவன், கண்டுபிடிக்கிறவள் ஒருத்தி. ஆலையிலும் அப்படி ஒரு ஏற்பாடு செய்தால் என்ன என்று எழுதிக் கேட்கப்போகிறேன். சிரிக்காதே.

அக்கா

---

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. உடனே எழுதிக் கேள்.

ஒரு புதுச் சத்தம். இரண்டாவது கல்லூரிக்கு முன்னால் ஒரு ஏற்றம் இருக்கிறது. அதில் அழுத்தினால் வருகிறது, இறக்கத்தில் குறைகிறது. எஞ்சின் வேகத்தோடு கூடுகிறது.

டொக். டொக். டொக்.

கனமான மரக்கதவை உள்ளே இருந்து யாரோ தட்டுவதுபோல. அவசரமில்லாமல், ஆனால் விடாமல்.

என்ன அது?

உன் தம்பி

---

ஏப்ரல் 13

தம்பி,

ஓட்டாதே. ஓர் அடிகூட நகர்த்தாதே. கட்டி இழுத்துக்கொண்டு போ.

அது பேரிங். பிஸ்டன் தண்டு, சுழலும் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற இடம். அங்கே தேய்ந்தால்தான் அந்த டொக் வரும். மரத்தில் தட்டுகிற மாதிரி என்று நீ எழுதியது அச்சு அசல். ஓட்டினால் தண்டு எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அடியில் ஆயில் தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு பேரிங்காகத் திறந்து பார்க்கச் சொல்.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் சொல்வேன்.

அக்கா

---

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மெக்கானிக் உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். "இவ்ளோ தெளிவா சொல்றாங்கன்னா தெறந்துதான் பாக்கணும்." தொட்டியைக் கழற்றினார். எல்லாப் பேரிங்கையும் திறந்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒரு கீறல் இல்லை.

எல்லாவற்றையும் திரும்ப மூடினோம். வண்டியைக் கிளப்பினால் சத்தம் அப்படியே இருந்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நானும் அவரும் மாறி மாறிக் கேட்டோம். மேலே, டீசலை உள்ளே பீய்ச்சும் ஓர் இன்ஜெக்டரின் பக்கத்தில். கழற்றினால் அடியில் இருக்கிற சின்னச் செப்பு வளையம் கருகிப்போயிருந்தது. அதன் வழியாக அழுத்தம் கசிந்து தட்டியிருக்கிறது. வளையம் மாற்றினோம். சத்தம் போய்விட்டது.

வண்டி நன்றாக ஓடுகிறது.

உன் தம்பி

---

மே 4

தம்பிக்கு,

இத்தனை வருடத்தில் பேரிங் என்று நான் சொல்லி, திறந்து பார்த்து இல்லை என்று ஆனதே கிடையாது. ஒரு தடவைகூட. இப்போது ஆகிவிட்டது.

தலைக்குள் கேட்கிறது என்று உனக்கு எழுதினேன் அல்லவா. அது எஞ்சின் இல்லை போலிருக்கிறது, என் ஞாபகம். ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஒரு நல்ல எஞ்சினின் வயிற்றைக் கிழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

காகிதப் பிரிவுக்குச் சம்மதம் என்று ஆலைக்கு எழுதி உறையில் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன்.

இனி மெக்கானிக்கிடம் கேள். அவருக்குக் காது இருக்கிறது. எனக்கு எழுதாதே. நீ எழுதினால் நான் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவையும்.

அக்கா

---

மே 6

அக்கா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் இது உன் கைக்கு வரவேண்டும்.

சத்தம் டொக் இல்லை. டக்.

ஏற்றத்தில் வண்டியை ஓரம் கட்டி, கடிதத்தை அங்கேயே எழுதத் தொடங்கினேன். முதலில் எழுதியது டக். டக். டக். அதைப் படித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. சுவர்க் கடிகாரம் மாதிரி, எதற்கும் லாயக்கில்லாமல். அடித்துவிட்டு டொக் என்று எழுதினேன். வாக்கியத்துக்கு ஒரு கனம் வந்தது. டொக் வந்த பிறகுதான் மரக்கதவு வந்தது. கதவு வந்த பிறகு உள்ளே இருந்து தட்டும் ஆள். அவசரமில்லாமல், ஆனால் விடாமல். எழுதி முடித்ததும் எனக்கே பிடித்துப்போயிற்று. சத்தத்தைத் திரும்பப் போய்க் கேட்டுப் பார்க்கவில்லை. ஒட்டி அனுப்பிவிட்டேன்.

உண்மையான சத்தம் மெல்லியது. தகரத்தில் நகத்தால் சுண்டினால் வருவது.

நீ எங்கேயும் தவறவில்லை. நான் எழுதிய எஞ்சினை நீ மிகச் சரியாகக் கண்டுபிடித்தாய். அந்த எஞ்சின் என் வண்டிக்குள் இல்லை, அவ்வளவுதான்.

போன கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ என்னை எப்படி நினைப்பாய் என்று பயந்துகொண்டு "வண்டி நன்றாக ஓடுகிறது" என்று முடித்தேன்.

திட்டு. எழுதாமலும் இரு. ஆலைக்குப் போகவேண்டிய அந்த உறையை மட்டும் தபாலில் சேர்க்காதே.

உன் தம்பி

---

மே 15

அட வாத்தியாரே,

நீ என் எதிரில் நின்றிருந்தால் ஆயில் தொட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்திருப்பேன்.

கனம் வேண்டுமாம் கனம்! டக் என்பது ஒரு செப்பு வளையம். டொக் என்பது ஒரு சாவு. நடுவில் ஓர் எழுத்து. அந்த எழுத்தை நீ அழகுக்காக மாற்றினாய். ஒரு நோயாளி டாக்டரிடம் போய், வயிற்றுவலி என்றால் கேட்க நன்றாக இல்லை, நெஞ்சுவலி என்று வைத்துக்கொள்வோம் என்பானா? இதற்கு மேல் தர்க்கம் வேறு சொல்லிக்கொடுக்கிறாய். உன் மாணவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சத்தம் எஞ்சினின் மேலிருந்தா கீழிருந்தா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உன் கதவு அவ்வளவு நன்றாக இருந்தது. அது என் தப்பு.

உறையைத் தபாலில் சேர்க்கவில்லை. கிழித்தும் போடவில்லை. மேசைமேல் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று உன் வண்டியை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

கடிதம் வந்த மறுநாள் காலை ஒன்று நடந்தது. குப்பை வண்டி என் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். பழைய டீசல். அது நிற்கும்போது முன்னறைக் கண்ணாடி அதிரும். தினமும் அதிர்வதுதான், நான் கண்டுகொண்டதில்லை. உன்மேல் இருந்த எரிச்சலில் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதிர்வு சீராக இல்லை. மூன்று அடி, ஒரு பள்ளம். மூன்று அடி, ஒரு பள்ளம். நான்கில் ஒரு சிலிண்டர் எரியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடி, ஒரு தாளில் எழுதி டிரைவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார். வாயைப் பெரிதாகத் திறக்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். உதடு எனக்குப் புரிந்தது. "எப்படிம்மா தெரியும்?"

நேற்று கண்ணாடி நான்கு அடியும் சரியாக அடித்தது. அவர் கையை ஆட்டினார்.

ஆகவே கேள். உன் வார்த்தை எதையும் இனி நான் நம்புவதாக இல்லை. கடகட, குறுகுறு, லொடலொட எல்லாமே இப்போது சந்தேகம்தான். அதில் எத்தனையை நீ இழைத்து மெருகு போட்டாயோ. எனக்கு வண்டியே வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா. அம்மாவையும் ஏற்றிக்கொள். பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்தால் அந்த வண்டிக்கும் புதிதாக இருக்கும்.

அழைப்பு மணியை அழுத்தாதே, தெருவுக்குத்தான் கேட்கும். ஜன்னலை ஒட்டி நிறுத்து. கியரை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிடு. நான் திறக்கும்வரை அணைக்காதே.

கண்ணாடியில் கை வைத்துக்கொண்டிருப்பேன்.

அக்கா